கடன் முற்றிய கம்பனியும் காலம் கடந்த ஆலோசனையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஆம் ஆண்டில் 25,158 கம்பனிகள் வங்குரோத்து நடைமுறைகளுக்குள் சென்றன. 1993 க்குப் பின்னர் ஒரே ஆண்டில் இத்தனை கம்பனிகள் விழுந்ததில்லை. 2024 இல் அந்தத் தொகை 23,880 ஆகச் சற்றுக் குறைந்தது. ஆனாலும் பெருந்தொற்றுக்கு முந்திய 2019 இல் அது 17,000 அளவிலேதான் இருந்தது. வடமேற்கு லண்டனில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால், இந்தத் தொகைக்குள் அடங்கிய சில கம்பனிகளின் கோப்புகள் எங்கள் அலுவலக அலுமாரியிலும் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எந்த நேரத்தில் யாரிடம் போயிருக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதும்படி பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையைக் கேட்டுப் பதறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1993 இல் இருந்ததைவிட இன்று பதிவிலுள்ள கம்பனிகளின் தொகை பல மடங்கு அதிகம். இயங்கும் 10,000 கம்பனிகளில் எத்தனை வீழ்கின்றன என்று பார்த்தால், 2023 இல் அது ஏறத்தாழ 54. 2008-09 பொருளாதார மந்தத்தின் உச்சத்தில் அது ஏறத்தாழ 95 ஆக இருந்தது. அதோடு, 2020 இலும் 2021 இலும் வீழ்ந்திருக்கக்கூடிய பல கம்பனிகள் அரசாங்கத்தின் உதவியால் தாக்குப்பிடித்து நின்றன. கடன் கொடுத்தவர்கள் ஒரு கம்பனியைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் செல்வதற்கே அந்த நாட்களில் கட்டுப்பாடு இருந்தது. அது 2022 மார்ச் இறுதியில் முழுமையாக நீங்கியபோது, தள்ளிப்போட்ட கணக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆகவே இந்த ஏற்றத்தில் ஒரு கணிசமான பங்கு பழைய பாக்கி என்பதே என் கணிப்பு.

மீதிப் பங்குக்கான காரணங்களை ஒரு மூலைக்கடையின் கணக்கிலேயே வரிவரியாகக் காணலாம். 2020 மே மாதம் தொடங்கிய பவுன்ஸ் பாக் கடன் திட்டத்தின் கீழ் ஒரு கம்பனி 50,000 பவுண் வரை, ஆண்டுக்கு 2.5 வீத வட்டியில், பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதம் எதுவுமின்றிப் பெற முடிந்தது. முதல் பன்னிரண்டு மாதங்களுக்குத் தவணையும் கட்ட வேண்டியதில்லை. ஏறத்தாழ 47 பில்லியன் பவுண் இவ்வாறு வழங்கப்பட்டது. தவணை தொடங்கிய காலத்தில் மற்றச் சுமைகளும் தொடங்கின. உணவகங்களுக்கு 5 வீதமாகக் குறைக்கப்பட்டிருந்த வற் வரி படிப்படியாக ஏறி 2022 ஏப்ரலில் மீண்டும் 20 வீதத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பணவீக்கம் 11.1 வீதத்தைத் தொட்டது. 2021 டிசம்பர் நடுப்பகுதி வரை 0.1 வீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி, 2023 ஓகஸ்டில் 5.25 வீதமானது. வீடுகளின் மின்கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு வணிகங்களுக்கு இல்லை. கதவில்லாத பால் குளிர்பெட்டியும் மீன் வைக்கும் ஆழ்குளிர்பெட்டிகளும் இரவு பகலாக ஓடும் கடைக்காரர் பழைய மின் ஒப்பந்தம் முடிந்து புதியதில் கையெழுத்திட்டபோது, மாதக் கட்டணம் இரண்டு மூன்று மடங்கானதை நான் பல கணக்குகளில் பதிந்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்புறுதி வீதம் 13.8 இலிருந்து 15 ஆனது. அது கட்டத் தொடங்கும் சம்பள எல்லை ஆண்டுக்கு 9,100 பவுணிலிருந்து 5,000 ஆக இறங்கியது. சிறு முதலாளிகளுக்கான சலுகை 10,500 பவுணாக உயர்த்தப்பட்டதால், இரண்டு மூன்று பேரை வைத்திருக்கும் கடைக்கு இந்த அடி பெரிதாகப் படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதே மாதத்தில் மணித்தியாலத்துக்கான குறைந்தபட்சக் கூலி 12.21 பவுணாக ஏறியதும், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 75 வீதமாக இருந்த வணிக மனை வரிச் சலுகை 40 வீதமாகச் சுருங்கியதும் நன்றாகவே பட்டன.

இனி, அந்த 25,158 ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் 20,577, பணிப்பாளர்களும் பங்குதாரர்களும் தாங்களே முடிவெடுத்து, கலைப்பை நடத்த உரிமம் பெற்றவரான ஒரு லிக்விடேட்டரை நியமித்துக் கலைத்துக்கொண்ட கம்பனிகள். 1960 இல் இந்தக் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம் என்று பத்திரிகைகள் அபாயச் சங்கு ஊதின. நான் அதை வேறு விதமாகவே வாசிக்கிறேன். ஐந்தில் நான்கு கம்பனிகளில், இனி இயலாது என்று யாரோ ஒருவர் கணக்கைப் பார்த்து உணர்ந்து, ஆலோசனை கேட்டு, கையெழுத்திட்டிருக்கிறார். எனக்குக் கவலை தருவது, நீதிமன்ற உத்தரவால் கட்டாயமாகக் கலைக்கப்படும் கம்பனிகளின் தொகை. 2024 இல் அது 3,200 ஐத் தாண்டியது; 2014 க்குப் பின்னர் அதுவரை அதுவே அதிகம். தாமாகக் கலைக்கும்போது லிக்விடேட்டரைத் தெரிவுசெய்வது, நாளைக் குறிப்பது, வேலையாட்களுக்கு முகம் பார்த்துச் சொல்வது எல்லாம் பணிப்பாளரின் கையில் இருக்கும். கட்டாயக் கலைப்பில் அரச அலுவலரான ஒஃபிசியல் ரிசீவர் பொறுப்பேற்பார். பணிப்பாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு நகர்ந்துவிடுவார்.

கட்டாயக் கலைப்பு வரை போகிறவர்களில் எங்கள் ஆட்கள் ஏன் இருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் மானம்தான் காரணம். கடையின் பெயர் கோயில் தேர்த் திருவிழா மலரில் முழுப்பக்க விளம்பரமாக வந்துகொண்டிருக்கும். அதே காலாண்டுக்கான வற் வரி கட்டப்பட்டிராது. விளம்பரத்தை நிறுத்தினால் ஊர் கதைக்கும், வரியைக் கட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது கணக்கு. இதற்குத் துணையாக எச்எம்ஆர்சி எனப்படும் வரித் திணைக்களத்தின் மண்ணிற உறைகள் திறக்கப்படாமலே சேரும். ஒருவர் தன் கடையின் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் பையிலேயே அவற்றை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். நானும் எங்கள் அலுவலகப் பெண்ணும் அவற்றைப் பிரித்துத் திகதி வரிசைப்படி மேசையில் அடுக்கினோம். முதலில் சாதாரண நினைவூட்டல்கள். பிறகு தாமதக் கட்டணம். பிறகு தவணை முறையில் கட்ட விரும்பினால் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும் என்று இலக்கத்தோடு வந்த மூன்று கடிதங்கள். பிறகு அலுவலர் கடைக்கு நேரில் வந்து, ஆளைக் காணாமல் கதவிடுக்கால் போட்டுச் சென்ற அறிவித்தல். கடைசியாகக் கம்பனியைக் கலைக்கக் கோரும் மனுவின் பிரதி. அந்த மூன்று கடிதங்களில் எதையாவது பிரித்திருந்தால், அந்த வரிக்கடன் பன்னிரண்டு மாதத் தவணையில் முடிந்திருக்கும் அளவிலேதான் அப்போது இருந்தது.

மனு என்பது எவ்வளவு பாரதூரமானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 750 பவுணுக்கு மேற்பட்ட, மறுப்புக்கு இடமில்லாத கடனுக்கு எவரும் ஒரு கம்பனியின் மீது சட்டபூர்வக் கோரிக்கை அனுப்பலாம். 21 நாட்களில் அது தீர்க்கப்படாவிட்டால், கடனைக் கட்ட இயலாத கம்பனி என்று சட்டம் கருதும். பின்னர் நீதிமன்றத்தில் மனு. அது கம்பனிக்குச் சேர்ப்பிக்கப்பட்டு ஏழு வேலை நாட்கள் கழிந்ததும் லண்டன் கசெட் என்ற அரச வர்த்தமானியில் விளம்பரம் செய்யலாம். கடைக்காரர்கள் எவரும் அந்த வர்த்தமானியை வாசிப்பதில்லை. ஆனால் வங்கிகள் நாள்தோறும் அதைப் பார்க்கின்றன. மனுவுக்குப் பின் கம்பனியின் காசு வெளியே போனால், கலைப்பு உத்தரவு வந்த பிறகு அந்தக் கொடுப்பனவு செல்லாததாகிவிடும் என்பதால், விளம்பரத்தைக் கண்டவுடன் வங்கி கணக்கை முடக்கிவிடும். அன்றிலிருந்து வாடிக்கையாளர் அட்டையில் தட்டும் காசு உள்ளே போகும், வெளியே வராது. வெள்ளிக்கிழமைச் சம்பளம் போட முடியாது; மொத்தக் கடையில் பொருள் எடுத்துவிட்டு அட்டையைத் தட்டினால் மறுக்கும். கணக்கைத் திறக்க நீதிமன்ற அனுமதி கோரலாம், ஆனால் அதற்கான சட்டத்தரணிச் செலவே சில வேளைகளில் கடனின் ஒரு பகுதிக்குச் சமமாகிவிடும். தாமாகக் கலைத்துக்கொள்ளும் வழியும் அந்தக் கட்டத்தில் ஏறத்தாழ அடைபட்டுவிடும்.

லிமிட்டெட் கம்பனி என்றால் கடன் கம்பனியோடு போய்விடும், நமக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கை எங்கள் சமூகத்தில் உறுதியாக இருக்கிறது. அது பாதி உண்மை. 1986 ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டத்தின் 214 ஆம் பிரிவு, கம்பனி மீள்வதற்கு நியாயமான வாய்ப்பு இல்லை என்று தெரிந்த பின்னும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய பின்னும், கடன் கொடுத்தவர்களின் நட்டத்தைக் குறைக்க இயன்ற நடவடிக்கை அனைத்தையும் எடுக்காமல் வியாபாரத்தைத் தொடர்ந்த பணிப்பாளர், அந்த நட்டத்துக்குத் தன் சொந்தக் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டி வரலாம் என்கிறது. 2022 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் செக்குவானா வழக்கில், கம்பனி வங்குரோத்தின் விளிம்பில் நிற்பதைப் பணிப்பாளர் அறிந்திருக்கும் நிலையில், பங்குதாரர்களின் நலனை மட்டும் பார்த்தால் போதாது, கடன் கொடுத்தவர்களின் நலனையும் எடைபோட வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. குடும்பக் கம்பனியில் பணிப்பாளரும் அவரே, பங்குதாரரும் அவரே. ஆகையால் ஒரு நாளில் இருந்து கம்பனியின் காசு தன் காசு இல்லை என்று அவர் நடக்கத் தொடங்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். அந்த நாள் எது என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்காது. ஆலோசனை கேட்ட திகதியும், அதற்குப் பிறகு என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று எழுதி வைத்த குறிப்பும் பின்னாளில் பணிப்பாளருக்குச் சாட்சியாக நிற்கும் என்பதற்காகவே, கணக்கு நட்டத்தில் போகும் வாடிக்கையாளர்களிடம் மாதம் ஒரு பக்கமாவது எழுதச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களை அதிகம் மாட்டிவிடுவது கைமாற்று. கடை இறுகும்போது முதலில் போவது வங்கிக்கு இல்லை. மனைவியின் தமையனிடம், ஊர்ச் சிநேகிதரிடம், இல்லாவிட்டால் சீட்டை முன்கூட்டியே எடுத்து அந்தக் காசைக் கடைக்குள் போடுவது. எழுத்தில் ஒன்றும் இராது. பிறகு கடை மூடப்போகிறது என்று தெரிந்ததும், கடைசியாகக் கையில் இருக்கும் காசில் முதலில் கொடுபடுவதும் இந்தக் கடன்கள்தான். வரித் திணைக்களத்துக்கு முகம் இல்லை, மைத்துனரின் முகத்தை ஒவ்வொரு விசேடத்திலும் பார்க்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அதே வங்குரோத்துச் சட்டத்தின் 239 ஆம் பிரிவு இதைப் பாரபட்சமான கொடுப்பனவு என்று பார்க்கிறது. கம்பனி கடனைக் கட்ட இயலாத நிலையில் இருந்தபோது ஒருவரை மற்றவர்களைவிட நல்ல நிலையில் வைத்திருந்தால், லிக்விடேட்டர் அந்தக் காசைத் திரும்பக் கேட்கலாம். வெளியாள் என்றால் ஆறு மாதம் வரை பின்னோக்கிப் பார்ப்பார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், மாமா, மாமி, மனைவியின் அல்லது கணவனின் இதே உறவினர் என்றால் இரண்டு ஆண்டுகள். உறவினர் விடயத்தில், சலுகை காட்டும் விருப்பத்தோடேயே கொடுக்கப்பட்டது என்று சட்டம் தானாகவே ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கொடுத்தவர் பெற்றவர் பாடு. ஆக, உதவி செய்த மைத்துனருக்கு ஒரு நாள் சட்டத்தரணியின் கடிதம் வரும். அவர் தான் கொடுத்த காசைத்தான் வாங்கினார். அதைத் திரும்பக் கட்டிவிட்டு, மற்றக் கடன்காரரோடு வரிசையில் நிற்க வேண்டும். காப்பாற்ற நினைத்த உறவு அந்தக் கடிதத்தோடு முறிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பணிப்பாளர் தன் தனிப்பட்ட உத்தரவாதம் இருக்கும் வங்கி மேலதிகப் பற்றை மட்டும் முந்திக்கொண்டு அடைப்பதும் இதே பிரிவுக்குள் விழக்கூடும்.

கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்ததும் இப்படித்தான். குறைந்த சம்பளம் வைத்து மீதியை இலாபப்பங்காக எடுப்பது இந்த நாட்டுச் சிறு கம்பனிகளின் வழக்கம். வரி குறையும் என்று கணக்காளர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் வழிதான் அது. ஆனால் இலாபமும் இல்லாமல், முந்திய ஆண்டுகளின் இலாப மிச்சமும் இல்லாத ஆண்டில் இலாபப்பங்கு கிடையாது. அந்த ஆண்டு வீட்டுச் செலவுக்கு எடுத்த காசு பணிப்பாளர் கம்பனிக்குத் தர வேண்டிய கடனாகக் கணக்கில் நிற்கும். லிக்விடேட்டர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். லொத்தர் சீட்டு விற்ற காசும், கட்டணம் செலுத்த வந்தவர்கள் கொடுத்த காசும் கடையின் காசல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம். அவற்றைத் தனிக் கணக்கில் வையுங்கள் என்றால், திங்கட்கிழமை பொருள் எடுக்க வேண்டும் என்று பதில் வரும்.

அடுத்தது, பழைய கம்பனியை அப்படியே விட்டுவிட்டு, அதே கடையில், அதே பெயர்ப்பலகையின் கீழ், மனைவியின் பெயரில் புதிய கம்பனி தொடங்குவது. லிக்விடேஷனுக்கு, அதாவது கலைப்புக்கு, போன கம்பனியில் அதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் பணிப்பாளராக இருந்தவர், அதே பெயரில் அல்லது அதைப் போன்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாது. மீறினால் அது குற்றம். புதிய கம்பனியின் கடன்களுக்கும் அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார். விதிவிலக்குகள் இருக்கின்றன: லிக்விடேட்டரிடமிருந்து வியாபாரத்தை முறைப்படி விலை கொடுத்து வாங்கி, 28 நாட்களுக்குள் வர்த்தமானியில் அறிவித்தால் பெயரைத் தொடரலாம். அதாவது நேர்வழியில் அதே கடையை மீண்டும் நடத்த இடம் இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டவருக்கு மட்டும். மதுபானம் விற்கும் கடைகளுக்கு இன்னொரு 28 நாட்களும் உண்டு. உரிமம் கம்பனியின் பெயரில் இருந்தால், கம்பனி லிக்விடேஷனுக்குப் போனவுடன் அந்த உரிமம் காலாவதியாகிவிடும்; 28 நாட்களுக்குள் மாற்றம் கோரியோ இடைக்கால அறிவித்தல் கொடுத்தோ அதை மீட்காவிட்டால், நகரசபையில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். பல கடைகளில் அந்த உரிமம்தான் விற்கக்கூடிய ஒரே பெறுமதி. அதை இழந்த கடையை வாங்க வருகிறவர் விலையைப் பாதிக்குக் கீழே பேசுவார்.

கம்பனிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும்படி ஒரு படிவம் போட்டுவிட்டால் கடனும் போய்விடும் என்று சொல்லிக்கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கடன் உள்ள கம்பனி அப்படி விண்ணப்பித்தால், கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிக்க வேண்டும். வரித் திணைக்களமோ வங்கியோ ஆட்சேபிக்கும். எப்படியோ நீக்கப்பட்டுவிட்டாலும், 2021 இல் வந்த சட்டத்தின்படி, கலைந்து போன கம்பனிகளின் பணிப்பாளர்களையும் வங்குரோத்து விடயங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இன்சொல்வென்சி சேர்விஸ் விசாரிக்கலாம். பணிப்பாளராக இருப்பதற்கான தகுதி நீக்கம் இரண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரை. அண்மைய ஆண்டுகளில் தகுதி நீக்கப்பட்ட பணிப்பாளர்களில் பெரும்பாலானோர் கோவிட் கால உதவிகளைத் துஷ்பிரயோகம் செய்தவர்கள்: வருமானத்தை மிகைப்படுத்திப் பவுன்ஸ் பாக் கடன் எடுத்தவர்கள், எடுத்த காசை ஊரில் காணி வாங்க அனுப்பியவர்கள் போன்றோர். கடன் எடுத்துக் கடைக்கே செலவழித்து, அது முடியாமல் போனவர் இந்தப் பட்டியலில் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பயந்து ஒளிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் மொத்த வியாபாரிகள் பலர் கடைகளுக்குக் கடனில் பொருள் கொடுக்கிறார்கள். 2020 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து, கம்பனி வீழும்போது வற் வரியும் வேலையாட்களிடம் பிடித்த வரியும் அவர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. உத்தரவாதம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுணுக்கு ஒரு சில பென்ஸ் வந்தால் அதிர்ஷ்டம். விலைச்சிட்டையில், காசு கட்டும் வரை பொருள் தமக்கே சொந்தம் என்ற வாசகம் சேர்ப்பது அரைப்பக்க வேலை; அதைச் செய்திருப்பவர்கள் குறைவு.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் கணக்காளரிடம் போங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எங்களால் காசோட்டத்தைக் கணித்து, எந்த மாதம் இறுகும் என்று சொல்ல முடியும். வரித் திணைக்களத்தோடு கதைத்துத் தவணை ஒழுங்கு செய்துதர முடியும். தவணைக்கு அவர்கள் எதிர்பார்ப்பது, நிலுவையிலுள்ள படிவங்கள் எல்லாம் ஒப்படைக்கப்பட்டிருப்பதும், இனி வரும் வரிகள் உரிய நாளில் கட்டப்படும் என்பதும். வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும், ஒரு மாதம் தவறினால் ஒழுங்கு முறிந்துவிடும். ஆகவே கட்டக்கூடிய தொகையைச் சொல்லுங்கள், அவர்களை மகிழ்விக்கும் தொகையைச் சொல்லாதீர்கள். ஆனால் ஒரு கம்பனியை லிக்விடேஷனுக்குக் கொண்டுபோகும் அதிகாரம் கணக்காளருக்கு இல்லை. அதற்கு உரிமம் பெற்ற இன்சொல்வென்சி பிராக்டிஷனரே, அதாவது வங்குரோத்து நடைமுறைகளை நடத்தும் நிபுணரே, வேண்டும். அரசாங்க இணையத்தளத்தில் அவர்களைப் பெயரிலும் ஊரிலும் தேடலாம்; முதல் சந்திப்புக்குப் பெரும்பாலானோர் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் சந்திப்புக்குப் போனால் கம்பனியை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மீளக்கூடிய கம்பனிக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களில் தொகையளவில் 75 வீதத்தினர் சம்மதித்தால், கடனின் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளில் கட்டி முடிக்கும் உடன்படிக்கை செய்யலாம். அது சிறு கடைகளுக்குப் பொருந்துவது அபூர்வம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2023 இல் அவ்வாறு செய்த கம்பனிகள் 200 க்கும் குறைவு. முற்றிலும் இலவசமாகக் கேட்க விரும்பினால், மணி அட்வைஸ் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் பிசினஸ் டெட்லைன் இருக்கிறது; தொலைபேசியில் சிறு வியாபாரிகளின் கடன்களை மட்டுமே கேட்டு வழிசொல்வது அவர்களின் வேலை. வீட்டு வாடகை, சொந்தக் கடன் அட்டை போன்றவை கலந்துவிட்டால் இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கும் போகலாம்.

தாமாகக் கலைத்துக்கொள்ளும் ஒரு சிறு கம்பனிக்குப் பல ஆயிரம் பவுண் செலவாகும். கம்பனியில் எஞ்சியிருக்கும் பொருட்களை விற்றே பெரும்பாலும் அது எடுக்கப்படும். ஒன்றும் எஞ்சாத நிலைக்கு வந்த பிறகு போனால், அந்தச் செலவைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பணிப்பாளர் உண்மையிலேயே கடையில் வேலை செய்து, முறையாகச் சம்பளப் பட்டியலில் இருந்து, இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால், மற்ற வேலையாட்களைப் போல அவரும் ஆட்குறைப்புக் கொடுப்பனவு கோரலாம் என்பது அநேகருக்குத் தெரியாது. அது கம்பனியிடமிருந்து வருவதல்ல. தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து வருவது.

சந்திப்புக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. கடைசி ஆறு மாத வங்கிக் கூற்று, யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல், குத்தகை ஒப்பந்தம், கையெழுத்திட்ட உத்தரவாதங்கள் எல்லாம். குத்தகை ஒப்பந்தத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பனி தொடங்குவதற்கு முன்பே எடுத்த கடைகளில் குத்தகை இன்னமும் உரிமையாளரின் சொந்தப் பெயரிலேயே இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். கம்பனி கலைந்தாலும் அந்த வாடகை அவரையே தொடரும், வீட்டின் மீதும் கைவைக்கக்கூடும். உத்தரவாதங்களில் மொத்தக் கடையின் கடன் கணக்குப் படிவத்தையும் பாருங்கள். நடுப்பக்கத்தில் சிறிய எழுத்தில் பணிப்பாளரின் உத்தரவாதம் இருக்கும். கைமாற்றுகளைப் பட்டியலில் மறைக்க வேண்டாம். வங்கிக் கூற்றில் அவை எப்படியும் தெரியும்.

மனு வர்த்தமானியில் வந்த அன்றே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். கம்பனியையும் கடனையும் சேர்த்துத் தாங்கள் வாங்கிக்கொள்வதாகவும், ஒரு கட்டணத்தோடு பணிப்பாளர் பதவியிலிருந்து விலகிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். இப்படிச் செய்த நிறுவனங்களை இன்சொல்வென்சி சேர்விஸ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் மூட வைத்திருக்கிறது. காசு கொடுத்து விலகிய பணிப்பாளரின் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. வேறு சிலர் அரச திணைக்களத்தின் பெயரைப் போன்ற பெயரோடு பேசி, விபரங்களை வாங்கி வேறொருவருக்கு விற்பார்கள். பேசுகிறவரின் உரிம இலக்கத்தைக் கேட்டு, அதை அரச இணையத்தளத்தில் பார்த்துவிட்டு, பிறகு மறுபடி நீங்களே அழையுங்கள்.